வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது

நகராட்சி ஆணையரும் நகர விற்பனைக் குழுவின் தலைவருமான தங்களுக்கும், நகர்மன்றத் தலைவருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று வாசித்தேன். பேருந்து நிலையச் சாலை முழுவதும் இனி விற்பனை தடை செய்யப்பட்ட பகுதி, அங்கே வியாபாரம் செய்கிறவர்கள் 15 நாட்களுக்குள் புறவழிச் சாலையில் கட்டியிருக்கும் புதிய வளாகத்துக்கு மாறிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தப் பேச்சு மூன்று மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்ததுதான். என்னைத் தூக்கிவாரிப் போட்டது கடைசி வரி. 'நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையின் பேரில்' என்று போட்டிருந்தீர்கள்.

தெரு வியாபாரம் பற்றிப் பரிந்துரை செய்யச் சட்டப்படி அமைத்த அந்தக் குழுவில், பூ விற்கும் நானும் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர். நாங்கள் அப்படி ஒரு பரிந்துரை செய்யவே இல்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்து அந்தப் பரிந்துரையைக் காட்டச் சொன்னேன். கோப்பை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு பக்கத் தீர்மானம், அதன் பின்னால் எங்கள் கையெழுத்துகள். என் கையெழுத்தும் இருக்கிறது, நான் போட்டதுதான். ஆனால் அது கூட்டத்துக்கு வந்ததற்குப் போட்டது. உள்ளே நுழையும்போது வாசல் மேசையில் வருகைப் பதிவேடு இருந்தது, வரிசையாக நின்று போட்டோம். கூட்டம் அப்போது தொடங்கவே இல்லை. எனக்கு அடுத்து நின்ற கீரைக்கார அம்மா கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அந்த ரேகை இப்போது அவருடைய இடத்தைக் காலி செய்யச் சொல்லும் தீர்மானத்தின் பின்னால் பின் அடிக்கப்பட்டிருக்கிறது. அவருக்கு இதை எடுத்துச் சொன்னபோது, "நான் எதுக்கும்மா சரின்னு சொன்னேன்?" என்று திரும்பத் திரும்ப என்னையே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால்தான் இந்த மடல்.

எங்கள் கையெழுத்து உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். தெரு வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது. அதன் 18-ஆம் பிரிவு, ஓர் இடத்தை விற்பனைத் தடைப் பகுதியாக அறிவிக்க வேண்டுமானால் அது நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையின் பேரில்தான் முடியும் என்கிறது. நகராட்சி தானாக அறிவித்துவிட முடியாது. குழு சொல்ல வேண்டும். குழு சொல்லவில்லை, அதனால் சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது. இதை எந்த அலுவலர் செய்தார், யார் சொல்லிச் செய்தார் என்று நான் விரல் நீட்ட வரவில்லை. கோப்பில் உங்கள் ஒப்பம் இருக்கிறது, குழுவின் தலைவரும் நீங்கள். ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

இந்தக் குழு எதற்கு என்று நகர்மன்ற உறுப்பினர்களில் சிலருக்கே தெளிவாகத் தெரியாது என்பதைப் பேசிப் பார்த்தபோது புரிந்துகொண்டேன். ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களையும் வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மீதி இடங்களில் காவல்துறை, போக்குவரத்துக் காவல், திட்டக் குழுமம், வங்கி, வியாபாரிகள் சங்கம், குடியிருப்போர் சங்கம், தொண்டு நிறுவனங்கள் என்று எல்லாரும் உட்கார வேண்டும். ஊரின் பொருளாதாரத்தைப் பற்றி முடிவெடுக்கும் எந்த மேசையிலும் எங்களைப் போன்றவர்களுக்கு நாற்காலி இருந்ததில்லை. சட்டமே போட்டுக் கொடுத்த முதல் நாற்காலி இது. என் அம்மாவும் பாட்டியும் நகராட்சி அலுவலகத்தின் படியேறியது அபராதம் கட்டுவதற்கு மட்டும்தான். நான் முதல் கூட்டத்துக்கு வந்த அன்று பூக்கடையை என் தங்கையிடம் விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

அப்புறம் நடந்தது என்ன? இரண்டு வருடத்தில் நான்கு கூட்டம். ஒன்றுக்குக்கூட முன்கூட்டியே கூட்டப்பொருள் தரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் போனில் கூப்பிடுவார்கள். நாங்கள் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் வருவதில்லை, 'விவாதிக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். குழு உட்கார ஓர் இடமும் உதவிக்கு ஆட்களும் நகராட்சி தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பீரோகூடக் கிடையாது. குழுவின் காகிதங்கள் எல்லாம் என் வீட்டில் அரிசிப் பானைக்கு மேல் இருக்கும் பலகையில் ஒரு துணிப் பையில் இருக்கின்றன.

சரி, தெரு வியாபாரிகள் கணக்கெடுப்புக்கு வருகிறேன். எல்லாக் கோளாறும் அங்கே தொடங்குகிறது.

கணக்கெடுக்க வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். மரியாதையான பிள்ளைகள், கேள்வியெல்லாம் பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அவர்கள் வந்தது பகல் 11 மணிக்கு. எங்கள் சாலையைத் தெரிந்த யாரும் அந்த நேரத்தில் கணக்கெடுக்க வர மாட்டார்கள். விடியற்காலை 4 மணிக்குக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தில் கீரையும் காயும் வந்து இறங்கும். ஐந்தரைக்குப் பூக்காரர்கள் உட்காருவோம். ஏழு மணிக்கு இட்லி, ஆப்பம். ஒன்பதரைக்குள் அவர்கள் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். அந்த இடத்துக்குச் செருப்புத் தைப்பவர், குடை ரிப்பேர் செய்பவர், பழக் கூடைக்காரர்கள் வருவார்கள். நாலு மணிக்குச் சுண்டலும் வேர்க்கடலையும், மறுபடி பூ. ஏழு மணிக்குமேல் தள்ளுவண்டித் தோசைக்கடைகள். பத்தடி அகல இடம் ஒன்றில் ஒரே நாளில் மூன்று குடும்பம் பிழைக்கிறது. பகல் 11 மணிக்கு வந்தவர்கள் அதில் ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். மற்ற இரண்டு குடும்பமும் உங்கள் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு விற்பனைச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாதவரை நகராட்சி 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதுகிறது.

இதை மூன்றாவது கூட்டத்தில் எழுந்து சொன்னேன். 'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்றீர்கள். யாரும் வரவில்லை. அதனால் நானே ஒரு நோட்டு வாங்கி, ஒன்பது நாள் மூன்று வேளையும் சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து எழுதினேன். பெயர், என்ன விற்கிறார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எத்தனை வருடமாக, இடத்துக்குப் பக்கத்தில் அடையாளம் என்ன. உங்கள் பட்டியலில் இருப்பதைவிட என் நோட்டில் இரண்டு மடங்குக்கு மேல் பெயர்கள். நான் கணக்கெடுப்பு அதிகாரி இல்லை, விட்டுப்போனவர்கள் என் நோட்டிலும் இருப்பார்கள். மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரைக்கும் ஊருக்குள் தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்பது சட்டம் வைத்திருக்கும் அளவு. லட்சம் பேர் இருக்கும் ஊரென்றால் 2,500 பேர். நாங்கள் யாரும் அளவுக்கு மீறி வந்து குவிந்துவிடவில்லை.

கணக்கெடுப்பில் விடுபடுவது வெறும் காகிதப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ல் தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதி கடன் வந்தபோது முதல் தவணை 10,000 ரூபாய். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. அதற்கு விற்பனைச் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் நகராட்சியோ நகர விற்பனைக் குழுவோ தரும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். காலை நேர வியாபாரிகளில் பலருக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. அவர்கள் தண்டல்காரரிடம்தான் போனார்கள். தண்டல் கணக்கு உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. 10,000 கேட்டால் முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் காய்ச்சல் வந்தாலும் சாயங்காலம் பைக் வந்து நிற்கும். உங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் பகல் 11 மணிக்குப் பதிலாக விடியற்காலையும் எடுக்கப்பட்டிருந்தால், அந்த பைக் பல பேர் முன்னால் வந்து நின்றிருக்காது. உள்ளூர்ப் பொருளாதாரத்தை வளர்ப்பது என்று நகராட்சி அறிக்கைகளில் படிக்கிறேன். எனக்குத் தெரிந்து அது இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான் வளரவோ சாகவோ செய்கிறது.

அடுத்து, புதிய வளாகம். நான் போய்ப் பார்க்காமல் பேசுகிறவள் இல்லை. திறப்பு விழா முடிந்த கையோடு, விருப்பப்பட்டவர்கள் வந்து நடத்திப் பார்க்கலாம் என்று அழைத்தீர்கள். நானும் இன்னும் சிலரும் போனோம். நான் 11 நாள் உட்கார்ந்தேன்.

கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. கூரை இருக்கிறது, மேடை இருக்கிறது, விளக்கு எரிகிறது. ஆனால் மேடைகள் எல்லாம் உள்பக்கம் பார்த்து இருக்கின்றன. சாலையில் போகிறவருக்கு எங்கள் முதுகுச் சுவர்தான் தெரியும். பக்கத்தில் பேருந்து நிற்காது. கழிவறை 11 நாளும் பூட்டியே இருந்தது, சாவி ஒப்பந்ததாரரிடம் இருப்பதாகச் சொன்னார்கள். இதெல்லாம்கூடச் சரிசெய்யக்கூடியது. சரிசெய்ய முடியாத ஒன்று இருக்கிறது. பூ வாங்குகிறவர்கள் பூ வாங்குவதற்கென்று வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. வேலை முடிந்து பேருந்தில் இறங்கி, வீட்டுக்கு நடக்கும் வழியில், வாசனை வந்து திரும்பிப் பார்த்து, ஒரு முழம் கிள்ளித் தரச் சொல்வார்கள். அந்த நடையில்தான் எங்கள் வியாபாரம் இருக்கிறது. அந்த நடையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மாளிகை கட்டிக் கொடுத்தாலும் பிரயோசனமில்லை.

மல்லிகை மொட்டாக வந்து சாயங்காலம் விரிந்துவிடும். விரிந்த பூவை மறுநாள் யாரும் வாங்க மாட்டார்கள். மற்ற வியாபாரிகள் பலருக்குச் சரக்கு தங்கினால் நாளைக்கு விற்கலாம், எனக்கு அந்த வழி இல்லை. பேருந்து நிலையத்தில் ஏழரை மணிக்குள் கூடை காலியாகிவிடும். வளாகத்தில் முதல் நாள் பாதிக் கூடை மிஞ்சியது. இரண்டாம் நாள் குறைவாகச் சரக்கெடுத்தேன், அதிலும் மிஞ்சியது. நாலாம் நாள் ராத்திரி எட்டரை மணிக்கு ஈரத் துணியை விலக்கிப் பார்த்தால் அத்தனையும் மலர்ந்து, ஓரம் பழுப்பேறிக் கிடக்கிறது. வாசனை மட்டும் அந்தக் கட்டடம் முழுக்க இருந்தது. அள்ளிக்கொண்டு போய் வழியில் இருந்த பிள்ளையார் கோயில் படியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத் தண்டல் கட்ட என் தங்கையிடம் கடன் வாங்கினேன்.

அந்த 11 நாளில் நான் மட்டும் நஷ்டப்படவில்லை. எனக்கு வீட்டிலிருந்தே பூக் கட்டித் தருகிற பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு நடக்க முடியாது, இன்னொருவர் கைக்குழந்தைக்காரி. முழத்துக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கைக் குறைத்ததும் அவர்களுக்கு வேலை போயிற்று. வாழைநார் கொண்டு வந்து தருகிற தாத்தாவுக்கும் போயிற்று. இவர்கள் யாரும் சாலையில் உட்காருவதில்லை, எந்தக் கணக்கெடுப்பிலும் வர மாட்டார்கள். ஆனால் நடைபாதையில் ஒரு கூடையைத் தூக்கினால் நாலு வீட்டில் அடுப்பு தணிகிறது. இந்தக் கணக்கை உங்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஒரு குழுவை வைத்துச் சட்டம் போட்டார்கள். மாற்றி அமர்த்தப்படும் வியாபாரியின் பிழைப்பு முன்பைவிட மேம்பட வேண்டும், குறைந்தது முன்பிருந்த அளவுக்காவது திரும்ப வர வேண்டும், அதைத் திட்டமிடும்போது அவர்களின் பிரதிநிதிகளும் உடன் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. வளாகத்தின் வரைபடத்தை நாங்கள் பார்த்தது அது கட்டி முடிந்த பிறகு. மேடையை வெளிப்பக்கம் திருப்புங்கள் என்று சொல்ல ஒரு கூட்டம் போதும். அந்தக் கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை.

இனி எங்கள் பூக்கார வரிசையைப் பற்றி. என் பாட்டி ஒரு தகரப் பெட்டி விட்டுப் போனார். அதில் நகராட்சி சுங்க ரசீதுகள் இருக்கின்றன. கயிற்றில் கோத்து, மடித்து, பொடி மட்டையில் சுற்றி வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவர், ஆனால் நகராட்சி கொடுத்த ஒரு காகிதத்தைக்கூட எறிந்ததில்லை. 'யாராச்சும் நீ யாருன்னு கேட்டா காட்டணும்' என்பார். நான் பார்த்ததில் பழையது 1969-ஆம் வருடத்து ரசீது. தரைக் கட்டணம் 10 பைசா. மேலே நம் நகராட்சியின் முத்திரை, கீழே 'பேருந்து நிலையச் சாலை' என்று மை மங்கிய எழுத்து. அதே இடத்தில் பாட்டிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு நான். வாங்குகிறவரும் விற்கிறவரும் காலங்காலமாகத் தாங்களே கூடும் இடத்தைச் சட்டம் இயற்கைச் சந்தை என்கிறது. 50 வருடத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்று அதே இரண்டாம் அட்டவணை சொல்கிறது. முதல் அட்டவணை இன்னும் தெளிவாக இருக்கிறது. இயற்கைச் சந்தையை விற்பனைத் தடைப் பகுதியாக அறிவிக்கக் கூடாது. கூட்ட நெரிசலைக் காரணம் காட்டக் கூடாது. கணக்கெடுப்பும் விற்பனைத் திட்டமும் முடியும்வரை எந்த இடத்தையும் தடைப் பகுதி ஆக்கவே கூடாது. நம் ஊரில் கணக்கெடுப்பு அரைகுறை, திட்டம் வெளியிடப்படவே இல்லை. உங்கள் அறிவிப்பு காரணமாகச் சொல்லியிருப்பது நெரிசலை. 15 நாள் கெடு கொடுத்திருக்கிறீர்கள், சான்றிதழ் உள்ளவருக்கு 30 நாள் முன்னறிவிப்பு தராமல் அப்புறப்படுத்தக் கூடாது என்பது 18-ஆம் பிரிவு. நான் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். சட்டத்தை வரிவரியாக வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து இதையெல்லாம் கண்டுபிடித்தேன். உங்கள் அலுவலகத்தில் சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

நெரிசல் இல்லை என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பேருந்து திரும்பும் முனையில் மூச்சு முட்டுகிறது. ஒருமுறை ஆம்புலன்ஸ் ஒன்று சிக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். அந்தச் சங்கு ஒலியைக் கேட்டுக்கொண்டு கையில் பூவோடு உட்கார்ந்திருந்தது நினைத்தால் இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் வியாபாரிகள் தரப்பு உறுப்பினர்கள் ஒன்றுகூடி, நான்காவது கூட்டத்துக்கு முன்னால் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தோம். சுவரோரம் நாலடி விட்டு மஞ்சள் கோடு போடுங்கள், கோட்டைத் தாண்டி ஒரு கூடைகூட வராமல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றோம். பேருந்து திரும்பும் முனையில் நிற்கும் தள்ளுவண்டிகள் மட்டும் தபால் அலுவலகச் சந்துக்குப் போகட்டும், அந்த வண்டிக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று அவர்கள் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். சாலையின் மறுபக்கம் இரண்டு வரிசையாக நிறுத்தும் இருசக்கர வாகனங்களை ஒரே வரிசையாக்கினால் ஒரு பேருந்து அகலத்துக்கு இடம் கிடைக்கும் என்று கயிறு வைத்து அளந்து எழுதியிருந்தோம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு உங்கள் அலுவலக முத்திரை போட்ட நகல் என்னிடம் இருக்கிறது. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கோபப்பட்டு, கத்தி, சாலையில் உட்கார்ந்து மறியல் செய்வதுதான் எங்களுக்குத் தெரிந்த வழியாக இருந்தது. இந்தக் குழு வந்த பிறகு முதல்முறையாகக் கயிறு வைத்து அளந்தோம். யோசனை எழுதினோம். வண்டிக்காரர்களோடு நாலு ராத்திரி பேசிச் சம்மதிக்க வைத்தோம். 'நம்ம பேச்சைக் கேப்பாங்களா?' என்று அவர்கள் கேட்டபோது, 'குழுவில் நான் இருக்கிறேன், கேட்பார்கள்' என்று வாக்குக் கொடுத்தவள் நான். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு ஒட்டிய மூன்றாம் நாளே, கெடு முடிவதற்கு முன்னால், நகராட்சி லாரி வந்தது. கொய்யாப்பழம் விற்கும் அண்ணனின் இரண்டு கூடையையும் எலக்ட்ரானிக் தராசையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் தரவில்லை. பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும், அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. அவர் மூன்று நாள் அலைந்தார். கடைசியில் தராசு கிடைத்தது, மேல் தட்டு இல்லை. பழத்தைக் கேட்டதற்குக் கிடங்கின் மூலையைக் காட்டினார்கள். கூடையைத் திறந்தவுடன் வந்த நெடியில் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் நகரவில்லை. குனிந்து, அழுகாத பழம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். புகார் கொடுக்கலாம் என்றால் எங்கே கொடுப்பது? சிவில் நீதிபதியாகவோ நீதித்துறை நடுவராகவோ இருந்தவர் தலைமையில் குறைதீர் குழு ஒன்று இருக்க வேண்டும். நம் ஊரில் அது அமைக்கப்படவில்லை. நகர விற்பனைக் குழுவுக்குத் தலைவர் நீங்கள், அப்புறப்படுத்த ஆணை போடுகிறவர் நீங்கள், அந்த ஆணைமேல் வரும் புகாரும் உங்கள் மேசைக்கே வருகிறது.

நடைபாதையில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டத்தின் 19-ஆவது உறுப்பின்கீழ் வரும் தொழில் உரிமை, அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. கட்டுப்பாடு வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. அதைப் போடும்போது எங்களோடு பேசுங்கள் என்கிறோம், பேசியதாகப் பொய்யாக எழுதாதீர்கள் என்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவை.

முதலில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். நகர விற்பனைக் குழு அப்படி ஒரு பரிந்துரை செய்யவில்லை என்பதையும், பின்னால் இணைத்திருப்பது வருகைப் பதிவேட்டின் நகல் என்பதையும் கோப்பிலேயே எழுதி, உங்கள் ஒப்பத்தோடு உறுப்பினர்கள் எல்லாருக்கும் நகல் தாருங்கள். நகர்மன்ற உறுப்பினர்களே, இந்தத் தீர்மானம் மன்றத்துக்கு வந்தால் இதைச் சரிபார்க்காமல் கை தூக்காதீர்கள். உங்கள் வார்டுகளில் எங்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்கள் நீங்கள்.

இரண்டு வாரத்துக்குள் குழுவின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டுங்கள். கூட்டப்பொருளும் அதற்கான காகிதங்களும் தமிழில், ஏழு நாள் முன்னதாக வேண்டும். எங்கள் மஞ்சள் கோடு யோசனை முதல் பொருளாக இருக்கட்டும். மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம், போக்குவரத்துக் காவல்துறையே அளந்து சொல்லட்டும். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே உரக்க வாசித்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 'வருகைக்கு மட்டும்' என்று அச்சிடுங்கள். கைநாட்டு வைப்பவருக்கு, எதற்கு வைக்கிறார் என்பதைச் சாட்சியோடு படித்துக் காட்டுங்கள்.

கணக்கெடுப்பைத் திரும்ப நடத்துங்கள். விடியற்காலை, பகல், இரவு என்று மூன்று வேளையும், அதில் ஒரு நாள் முகூர்த்த நாளாகவும் இருக்கட்டும். வியாபாரிகள் தரப்பு உறுப்பினர் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். அது முடிந்து சான்றிதழ் தரும்வரை ஒருவரையும் இடத்தைவிட்டு எழுப்பக் கூடாது. விடுபட்டவர்களுக்குக் கடனுக்கான பரிந்துரைக் கடிதத்தை இப்போதே தாருங்கள், அதற்குக் கணக்கெடுப்பு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பூக்கார வரிசையை இயற்கைச் சந்தை என்றும், 50 வருடம் கடந்ததால் பாரம்பரியச் சந்தை என்றும் குழுவில் வைத்துத் தீர்மானிக்க வேண்டும். புதிய வளாகத்தைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. பாத்திரம், துணி, பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர்களில் சிலர் அங்கே போக விருப்பப்படுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், மேடையை வெளிப்பக்கம் திருப்பித் தாருங்கள், பேருந்து நிறுத்தம் ஒன்று கேட்டு வாங்குங்கள், கழிவறையின் பூட்டைத் திறங்கள்.

கொய்யாப்பழ அண்ணனுக்கு நஷ்டஈடு வேண்டும். இனி லாரியில் போகும் ஒவ்வொரு ஊழியர் கையிலும் அச்சிட்ட பட்டியல் புத்தகம் இருக்க வேண்டும். குறைதீர் குழுவை அமைக்க அரசுக்கு இந்த மாதமே எழுதுங்கள், எழுதிய கடிதத்தின் நகலை நகர விற்பனைக் குழுவுக்குக் கொடுங்கள்.

குழுவுக்கு ஓர் அறை கேட்கிறேன். அறை இல்லையென்றால் பூட்டக்கூடிய ஒரு பீரோ.

இந்த மடலுக்குப் பதிலை எழுத்தில், அறிவிப்பின் கெடு முடிவதற்குள் எதிர்பார்க்கிறேன். கெடு வருகிற செவ்வாய்க்கிழமை முடிகிறது. சிறப்புக் கூட்டத்துக்கு என் நோட்டையும் பாட்டியின் தகரப் பெட்டியையும் கொண்டு வருகிறேன். 1969-ஆம் வருடத்து ரசீதை உங்கள் கையில் தருகிறேன், முத்திரையை நீங்களே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
பேருந்து நிலையச் சாலைப் பூ வியாபாரி,
நகர விற்பனைக் குழுவில் தெரு வியாபாரிகள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்